பெரட்டு மாத்திரை

எழுபத்து நான்கு வயதான என் மாமனாரை இருபத்திரண்டு நாள் தொடர்ந்து வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறாரா, நாக்குக்கடியில் வைத்திருந்து பிறகு துப்புகிறாரா என்று பார்க்கத்தான். வெறுங்கண்ணால் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, போனில் இருக்கும் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாகப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கும் ஒரு மனிதன், மனைவியின் தகப்பனுடைய கடைவாய்ப் பல்லில் வெளிச்சம் அடித்துச் சான்று தேடியதை எழுதிவைக்க வேறு யாரும் முன்வரவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

எனக்கும் அவருக்கும் ஆகாது. காரணம் தேடுவது என் தொழில் என்பதால் இதற்கும் தேடிப் பார்த்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அவர் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொழுந்து பறிப்பவர்களை மலையில் நின்று மேற்பார்வை செய்பவர். அதாவது, யாரோ ஒருவர் எங்கோ வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று நம்புவதற்காகச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றபோது சம்பளம் நின்றது, நம்பிக்கை நிற்கவில்லை. மேற்பார்வை செய்ய மிஞ்சியது நான் ஒருவன்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு முதல் மாரடைப்பு வந்தது. கண்டியில் இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் கம்பிச் சுருளை வைத்து அனுப்பினார்கள். இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று மனைவி அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் சொன்ன பெருமையாவது எனக்கு மிஞ்சியிருக்கும்.

அவர் என்னோடு நேராகப் பேசமாட்டார். மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுக்கிறாராம். நான் மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது மகளிடம் பேசுவார்.

"அம்மாடி, மாப்பிள்ளை இன்னைக்கு ஸ்கூலுக்குப் போறாங்களா, இல்ல ஸ்கூலு இங்க வருதா?"

"இப்பத்தான் ஆறரை ஆவுதுப்பா."

"ஆறரைக்கு எங்க ஆளுங்க பாதி மலை ஏறியிருப்பாங்க. அவங்க படிக்காத ஆளுங்கதானே, அதான்."

இவ்வளவு மரியாதை போட்டு ஒரு மனிதனை மிதிக்க முடியும் என்பதை நான் திருமணத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அவருடைய காலைப்பொழுது ஒரு நாளும் மாறியதில்லை. ஐந்து மணிக்கு எழும்புவார். கம்பளிச் சட்டை, மஃப்ளர், காதை மூடும் தொப்பி. பால் இல்லாத சாயத்தண்ணி ஒரு கோப்பை. ஆறு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டு கேட்டில் போய் நிற்பார். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் பதிந்து, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்களே, அந்தப் பெரட்டு அவருக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. பெரட்டுக் களம் எங்கள் கேட். பெயர் பதியப்படும் தொழிலாளி நான். சப்பாத்து துடைத்திருக்கிறதா, குடை எடுத்தேனா, எத்தனை நிமிடம் பிந்தினேன் எல்லாம் அவர் கண்ணில் பதியும். மாலையில் மகளுக்கு அறிக்கை போகும்.

முப்பத்தெட்டு வருடம் மலை ஏறி இறங்கிய முழங்கால்கள் அவருக்கு. விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது ஒரு முனகல் விடுவார். அதில் என் பெயர் இருக்காது, ஆனால் எனக்குத்தான் அது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்திருந்த வலி மாத்திரை முடிந்ததும் வெற்று அட்டையை மகளிடம் கொடுத்தார். மகள் என்னிடம் கொடுத்தாள். நான் தலவாக்கலையில் ஒரு பாமசியில் அதைக் காட்டினேன்.

"யாருக்கு?" என்று கேட்டார் கடைக்காரர்.

வெளியே என் பஸ் இரைந்துகொண்டிருந்தது. மாமனாரின் முழங்கால், இதயம், சுபாவம் எல்லாவற்றையும் விளக்க நேரமில்லை. "எனக்குத்தான்" என்றேன்.

அவர் என் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "தொடர்ந்து போடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தார். அதன் பிறகு கடை கடையாக மாற்றி மாதா மாதம் வாங்கினேன். முனகல் அடங்கியது. எனக்குக் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூக்கம் கிடைத்தது. தகப்பன்மேல் எனக்கு உள்ளூர அன்பு இருக்கிறது என்று மனைவி நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

இந்த வருடம் தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவர் கேட்டைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். நான் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை வெளியே நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். கம்பிச் சுருள் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இரத்தம் உறைந்து மறுபடி அடைத்திருக்கிறது. அப்படி உறையாமல் இருக்கத்தான் தினமும் ஒரு சின்ன அஸ்பிரின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது வேலை செய்ததாகத் தெரியவில்லை. இந்த முறை நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், மறுபடி அடைத்தால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

"மாத்திரையை ஒழுங்காகக் குடித்தாரா?" என்று கடைசியில் கேட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் வலப்பனையிலிருந்து மனைவியின் தம்பி வந்து சேர்ந்தார். மரக்கறி லொறி வைத்திருப்பவர். வந்தவர் தகப்பனைப் பார்க்கும் முன்பே என்னைப் பார்த்துவிட்டார்.

"வீட்டுல ரெண்டு பேரு இருந்துக்கிட்டு ஒரு மனுசன் மாத்திரை போட்டாரா இல்லையானு பாக்க முடியலையா மச்சான்?"

"போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு."

"கண்ணால பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் பாடசாலையில் இருப்பேன். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குப் பெரிய உதவி செய்தது. குற்றம் யாருடையது என்று நான் படித்துக் கண்டுபிடிக்கலாம் அல்லவா. படிப்பது ஒன்றுதான் எனக்கு வரும்.

படித்தேன். நம் இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகள் என்று சில இருக்கின்றன. காயம் பட்டால் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைப்பது அவற்றின் வேலை. இதயத்துக் குழாய்க்குள்ளும் அதே வேலையைக் காட்டுவதுதான் வில்லங்கம். அஸ்பிரின் ஒவ்வொரு சிறுதட்டுக்குள்ளும் இருக்கும் ஒரு நொதியத்தைப் பூட்டிவிடுகிறது. ஒருமுறை பூட்டினால் அந்தத் தட்டு சாகும்வரை, ஒரு வாரம் பத்து நாளுக்கு, முன்போல ஒட்டாது. ஆனால் வயதான இதய நோயாளிகள் சிலரிடம் இது சரியாக நடப்பதில்லை. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தால் புதுத் தட்டுகள் வேகமாகப் பிறந்து, மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே பூட்டப்படாத கூட்டம் ஒன்று சேர்ந்துவிடுகிறது. உடம்பு கனமாக இருந்தால் சின்ன மாத்திரை போதாமல் போகலாம். வயிற்றைக் காப்பாற்ற மேலே பூச்சுப் பூசிய மாத்திரை சிலருக்கு ஒழுங்காகக் கரைவதில்லை. வேறு சில மருந்துகள் குறுக்கே வரலாம். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, நோயாளி மாத்திரையைப் போடாமலே போட்டேன் என்று சொல்வது.

கடைசியில் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பல காரணங்கள் இருக்கும்போது நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். தேர்ந்தெடுத்தேன். பாடசாலை ஓய்வறையில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். ஒரு ஆசிரியை நடுவில் எழும்பிப் போனார், மணி அடிக்காமலே.

மாமனார் வீட்டுக்கு வந்த மறுநாள் பரிசோதனை ஆரம்பமாகியது. பாடசாலைக்குப் பிந்திப் போக அதிபரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். காலை எட்டு மணிக்கு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டபின் மாத்திரையை உள்ளங்கையில் வைப்பேன். அவர் தண்ணீர் ஊற்றி விழுங்குவார். நான் விளக்கைப் போடுவேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு மூடிக்கொண்டு மகளைக் கூப்பிடுவார்.

"அம்மாடி, மாப்பிள்ளை பல்லு டாக்டருக்குப் படிக்கிறாங்களா?"

"உங்க நல்லதுக்குத்தாம்ப்பா."

"கீழ்ப்பக்கம் ஒரு பல்லு ஆடுது. அதையும் எழுதிக்கச் சொல்லு."

எழுதத்தான் செய்தேன். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் சரி அடையாளம் போட்டுக்கொண்டு வந்தேன். அடையாளம் கூடக் கூட எனக்கு எரிச்சல் கூடியது. கள்ளன் அகப்படாமல் இருப்பது கள்ளன் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது என்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். வீட்டில் அந்த மூன்று வாரமும் யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை. சமையலறையில் பாத்திரங்கள்கூடக் கொஞ்சம் பலமாகத்தான் வைக்கப்பட்டன.

இருபத்திரண்டாம் நாள் அவர் கட்டிலுக்கடியில் சின்னதாக, வெள்ளையாக, வட்டமாக ஒன்று கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அதை ஒரு சோசரில் வைத்துச் சாப்பாட்டு மேசை நடுவில் கொண்டுபோய் வைத்தேன். மனைவியையும் கூப்பிட்டேன்.

மாமனார் குனிந்து பார்த்தார். "அது சூடம்" என்றார் மகளிடம். "சாமித் தட்டுலருந்து விழுந்திருக்கும். மாப்பிள்ளைக்குச் சந்தேகமா இருந்தா கொளுத்திப் பாக்கச் சொல்லு. எரியலைனா நான் கள்ளன்."

கொளுத்தத் தேவைப்படவில்லை. மேசை முழுக்கக் கோயில் வாசம் வந்துகொண்டிருந்தது. எனக்கு மூக்கும் ஒன்று இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்போது அவர் இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"தோட்டத்துல நாலு தொரைகிட்ட வேல செஞ்சிருக்கேன். ஒரு தொரைகூட என்னைய வாயத் தொறந்து காட்டுனு சொல்லல."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "நீங்க போனா தொரைக்கு வேற ஆளு கெடச்சிருக்கும் மாமா" என்றேன். பாதி அக்கறையாகச் சொல்ல நினைத்தது, வரும்போது முழுக்க வேறு மாதிரி வந்தது.

மனைவி சோசரை எடுத்தாள். "ரெண்டு பேரும் இனி வாயத் தொறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரமே நுவரெலியாவில் கிளினிக். நான் படித்ததை எல்லாம் அச்செடுத்து, முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு போட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டேன். கிளினிக்கில் ஒரு இளம் டாக்டர், சிங்களப் பிள்ளை. எங்கள் பக்கத்து ஆட்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வந்திருந்தது. நான் கோப்பைத் திறந்து, வயதான நோயாளிகளில் அஸ்பிரின் பலிக்காமல் போவதன் காரணங்களை அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். சிறுதட்டு வரைக்கும் பொறுத்துக்கொண்டார்.

"சேர், கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு மாமனார் பக்கம் திரும்பினார். "ஐயா, காலையில எழும்பினதுல இருந்து என்ன என்ன செய்வீங்கனு சொல்லுங்க. மருந்து பத்தி வேணாம். என்ன செய்வீங்க, அது மட்டும்."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரட்டில் நிற்பதுபோலவே ஒப்புவித்தார்.

"அஞ்சு மணிக்கு எழும்புவேங்க. மொகம் கழுவி சாமி கும்புடுவேன். சாயத்தண்ணி குடிப்பேன். பெரட்டு மாத்திரை போடுவேன். கேட்டுக்குப் போவேன். எட்டு மணிக்குச் சாப்புட்டுட்டு..."

"அது என்ன பெரட்டு மாத்திரை?"

"அது மருந்து இல்லைங்க. பெரட்டுக்குப் போக முந்திப் போடுறது. கணக்கப்பிள்ளை நொண்டிக்கிட்டு வந்து நின்னா ஆளுங்க மதிப்பாங்களா?"

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல? ஒவ்வொரு முறையும் கேட்டோம்தானே."

"நோய்க்குப் போடுற மாத்திரையைத்தானே கேட்டீங்க."

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இத யார் வாங்கிக் குடுக்கிறது?"

மாமனார் என்னை நேராகப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"மாப்பிள்ளைதாங்க. மாசா மாசம். ஒரு மாசம் தவறினது இல்ல."

டாக்டர் என் கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. மாமனாருக்குப் புரியும்படி சொன்னார்.

"ஐயா, ஒரு பஸ்ஸுல ஒரே ஒரு சீட்டுனு வைங்க. இதயத்துக்குக் குடுக்கிற சின்ன மாத்திரை ஏறிக் கொஞ்ச நேரம்தான் நிக்கும். சீட்டு கெடச்சா உக்காந்திடும், பிறகு எழும்பவே எழும்பாது. நீங்க அஞ்சு மணிக்கே முழங்கால் மாத்திரையை ஏத்தி அந்த சீட்டுல உக்கார வச்சிட்டீங்க. எட்டு மணிக்குச் சின்ன மாத்திரை வந்து பாக்குது, எடம் இல்ல, எறங்கிப் போயிடுது. முழங்கால் மாத்திரையும் கடைசி வரைக்கும் இருக்காது. பின்னேரம் அதுவும் எழும்பிப் போயிடும். சீட்டு காலி. ரெத்தம் அது இஷ்டத்துக்கு உறையும்."

மாமனார் யோசித்தார். "அப்ப ரெண்டு வருசமா அது தெனமும் பெரட்டுக்குப் பிந்தி வந்து, பேரு பதியாம திரும்பிப் போயிருக்கு."

"அதேதான் ஐயா."

"பிந்தி வாற ஆளை நானும் வேல குடுக்காமத்தான் அனுப்புவேன். சரியாத்தான் நடந்திருக்கு."

இதுதான் முழுக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சீனி வருத்தம் இருக்கிறது, வயது இருக்கிறது. ஆனால் முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். எப்போதாவது ஒன்று போடுவது வேறு, வருடக்கணக்கில் தினமும் அஸ்பிரினுக்கு முன்னால் போடுவது வேறு. அது மட்டுமல்ல, அந்த வகை வலி மாத்திரைகளே இதய நோயாளிக்குக் கூடாதாம். வயிற்றில் இரத்தக் கசிவு வேறு வரலாமாம். வலிக்குப் பரசிற்றமோல் எழுதிக்கொடுத்தார், பூசும் மருந்து கொடுத்தார், கைத்தடி ஒன்று வாங்கச் சொன்னார்.

வெளியே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. இபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகளை அஸ்பிரினுக்கு முன் எடுத்தால் அஸ்பிரின் தன் வேலையைச் செய்ய முடியாது. நானே அடிக்கோடு போட்டிருந்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அதே இபுபுரூஃபன். இரண்டு வருடமாக மாதா மாதம் என் கையால் வாங்கிய அட்டையின் இரண்டாவது வரியை நான் வாசித்ததே இல்லை. புத்தகத்தில் இருந்திருந்தால் வாசித்திருப்பேன்.

"மாமா," என்றேன், "எனக்குத் தெரியாது."

அவர் மகளைத் தேடினார். மகள் மருந்து வரிசையில் நின்றிருந்தாள். வேறு வழியில்லாமல் எதிரே இருந்த சுவரிடம் சொன்னார்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை மாப்பிள்ளை வாயில வர்றதுக்கு எனக்கு ரெண்டு தடவ நெஞ்சு அடைக்க வேண்டியிருந்திச்சு."

வீடு வரும் வழியில் கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். அதை அவர் ஊன்றுவதைவிட என் பக்கம் நீட்டிப் பேசத்தான் அதிகம் பயன்படுத்துகிறார். அஸ்பிரினை இப்போது தானாகவே எடுத்துப் போடுகிறார், முன்னால் எதுவும் போடுவதில்லை. இனி அடைக்காது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அடைக்கவில்லை, இன்றுவரை. முனகல் திரும்பி வந்துவிட்டது, முன்னைவிடச் சத்தமாக. நான் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். எழும்பிப் போய்க் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு வலப்பனை மச்சான் வந்தார். போனில் எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேராகத் தகப்பனின் அறைக்குப் போனார். நான் தேநீர்த் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். உள்ளே போகும் நேரம் அது இல்லை என்று தெரிந்தது.

"அப்பா, மறைக்காம சொல்லுங்க. மச்சான் தெரிஞ்சேதான் இதச் செஞ்சாரா?"

தட்டில் இருந்த கோப்பைகள் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டில் எனக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவருக்கு அதைவிட வசதியான தருணம் கிடைத்திருக்காது. அவரும் சொல்லத்தான் செய்தார்.

"சேச்சே, அபாண்டம் பேசாத. வேணும்னு எடுத்த வேல எதையும் மாப்பிள்ளை முடிச்சதில்ல. இதையும் வேணும்னு செஞ்சிருந்தா ரெண்டாம் மாசமே வாங்கிக் குடுக்க மறந்திருப்பாரு."